ஒரு பானைச் சோறா, இரு பானைச் சோறா?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் தாய்மார் கண்ட ஆராய்ச்சி முறை. ஏட்டைப் புரட்டி அறிந்ததல்ல. அடுப்படியில் நின்று அறிந்தது. ஆயிரம் பருக்கைகளையும் அமுக்கிப் பார்க்க வேண்டுவதில்லை. ஒன்றை எடுத்து நசுக்கினால் போதும். பானை முழுதும் வெந்ததா, வேகவில்லையா என்பது விளங்கிவிடும்.

ஆனால், தோழர்காள்! அந்த முதுமொழியிலே உள்ள முதற்சொல்லை நாம் மறந்துவிடுதல் ஆகாது. 'ஒரு பானை' என்றனர் முன்னோர். ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. அதனால் ஒரு பருக்கை மற்றப் பருக்கைகளுக்குச் சான்றாகிறது. பக்கத்து அடுப்பிலே ஈர விறகு புகைந்துகொண்டிருக்கிறது. பானை நீர் இன்னும் கொதிக்கவில்லை. முதற்பானைப் பருக்கையைக் காட்டி, "இதுவும் வெந்துவிட்டது, இறக்கி வை" என்று எவளேனும் கூறுவாளா? கூறமாட்டாள். எழுத்தறியாத தாய்கூடச் செய்யாத அந்தப் பிழையை, பட்டங்கள் பல பெற்ற அறிஞர்கள், ஏறத்தாழ நூறாண்டுக் காலம் செய்தனர் என்றால் நம்புவீர்களா? செய்தனர்; மனித வாழ்விலே மிக மென்மையானதொரு பருவத்தைப் பற்றிய ஆராய்ச்சியிலே செய்தனர்.

குழந்தைமை கழிந்து, முழு மனிதனாக முதிராத அந்த இடைக்காலத்தைக் குமரப்பருவம் என்போம். இன்றைய நூல்கள் வளரிளம் பருவம் என்று குறிக்கின்றன. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிலே கல்வி உளவியல் பயில்வோர், அந்தப் பருவம் "புயலும் கொந்தளிப்பும்" நிறைந்தது என்று எழுதி மதிப்பெண் பெறுகிறோம். நானும் எழுதினேன், நானும் பெற்றேன். அந்தப் புயலை முதலில் கண்டவர் யார்? யாருடைய உள்ளத்திலே கண்டார்? இந்த வினாவை எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்போம்.

ஆண்டு 1904. அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வொர்செஸ்டர் நகரிலே கிளார்க் பல்கலைக்கழகம். அதன் முதல் தலைவர் ஜி. ஸ்டான்லி ஹால். 1892-இல் அமெரிக்க உளவியல் கழகம் தோன்றியபோது அதற்கும் முதல் தலைவர் அவரே. குமரப்பருவம் என்பதையே தலைப்பாகக் கொண்டு, இரண்டு பெருந்தொகுதிகளை அவர் அந்த ஆண்டில் வெளியிட்டார். அதற்கு முன் அப்படியொரு நூல் இல்லை. பின் வந்தோர் எல்லாம் அதிலிருந்தே தொடங்கினர். இளைஞன் பெற்றோருடன் பூசலிடுவான். நொடிக்கு நொடி மனம் மாறுவான். துணிந்து தவறு செய்வான். இது இயற்கை, எல்லோர்க்கும் பொது என்றார் ஹால்.

எல்லோர்க்கும்! அந்த 'எல்லோர்' யார்? ஹால் வினாத்தாள்களை அச்சிட்டு ஆசிரியர்களுக்கும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளுக்கும் அனுப்பினார். பெரியோர் எழுதிய தன்வரலாறுகளையும் நாட்குறிப்புகளையும் திரட்டினார். பள்ளியில் இருந்தவன் வினாத்தாளுக்கு விடை எழுதினான். ஓய்வு உள்ளவன் நாட்குறிப்பு எழுதினான். ஆனால் 1900-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலே 17 வயதினர் 100 பேர் என்றால், உயர்நிலைப் பள்ளியை முடித்தவர் ஏறத்தாழ 6 பேரே! மற்ற 94 பேர் எங்கே? அதே ஆண்டின் குடிக்கணக்கு சொல்லுகிறது: 10 முதல் 15 வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியருள், பிழைப்புக்காக உழைத்தோர் 17 இலட்சத்து 50 ஆயிரம் பேர். தெற்கு மாநிலங்களின் பஞ்சாலைகளிலே நூல் கோத்தனர். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களிலே கரியிலிருந்து கல் பொறுக்கினர். கண்ணாடித் தொழிற்சாலைகளிலே உலையருகே நின்றனர். 1908 முதல் லூயிஸ் ஹைன் என்னும் ஒளிப்படக்காரர், மாறுவேடம் பூண்டும் மறைந்தும் ஆலைகளுக்குள் நுழைந்து, அந்தப் பிஞ்சு முகங்களைப் படம் பிடித்தாரே, அவர்கள்தாம்!

அந்தச் சிறுவனுக்கும் வயது 14. அவன் உள்ளத்திலே புயல் வீசிற்றா? வீசியிருக்கலாம், வீசாமலும் இருந்திருக்கலாம். விடியுமுன் ஆலைக்குச் சென்று, இருட்டிய பின் திரும்பி, கூலியைத் தாயின் கையில் கொடுத்துவிட்டுச் சுருண்டு படுத்தவனுக்குப் பெற்றோருடன் பூசலிட நேரம் இருந்ததா என்பது யாருக்குத் தெரியும்? கேட்டால் அல்லவா தெரியும்! அவனைக் கேட்கவில்லை. கேட்காமலே அவனையும் சேர்த்து 'எல்லோரும்' என்று எழுதிவிட்டார்கள். இன்னும் ஒன்று. அதே நூலில், ஐரோப்பியர் அல்லாத மக்களினங்களையே 'குமரப்பருவத்து இனங்கள்' என்று பெயரிட்டு ஓர் இயலும் எழுதினார் ஹால். வீட்டுக்குள்ளே ஏழையின் பிள்ளையைக் காணாத கண், கடல் கடந்து பார்க்கும்போது மக்களினங்களையே குழந்தைகளாகக் கண்டதில் வியப்பென்ன!

ஹாலிடம் பயின்று பட்டம் பெற்றவர் லூயிஸ் டெர்மன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். 1916-இல் அறிவளவுச் சோதனையை அமெரிக்க மண்ணுக்கு ஏற்ப அமைத்தவர். 1921-இல் கலிஃபோர்னியாவிலே மேதைக் குழந்தைகளைத் தேடப் புறப்பட்டார். எப்படித் தேடினார்? "உங்கள் வகுப்பிலே மிகக் கூர்மையான பிள்ளை யார்?" என்று ஆசிரியரைக் கேட்டார், ஆசிரியர் சுட்டிய பிள்ளைக்குச் சோதனை வைத்தார். ஆசிரியர் கண்ணுக்குக் கூர்மையாகத் தோன்றுபவன் எவன் என்பதை, ஆசிரியனாகிய நான் அறிவேன். சீவிய தலை, சலவைச் சட்டை, தயங்காத பேச்சு, வீட்டிலே புத்தகம் படித்துப் பழகிய நா. இவை முன்வரிசையிலே இருக்கும். பசித்த வயிறு பின்வரிசையிலே இருக்கும். டெர்மனின் வலையிலே சிக்கிய ஏறத்தாழ 1,500 பேரும் பெரும்பாலும் வெள்ளையர். வாழ்வு வளம் பெற்ற குடும்பத்தினர். நாட்கூலியின் பிள்ளை அரிதினும் அரிது. கறுப்பின, மெக்சிக இனப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே.

பல்லாண்டுக் காலம் அந்தப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். வளர்ந்தார்கள், உயர்ந்தார்கள், நல்ல பணிகளைப் பெற்றார்கள். "பாரீர், பிறவி அறிவின் பெருமையை!" என்று முழங்கினர். செல்வரின் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, அவர்கள் செல்வராக வளர்ந்ததைக் கண்டு வியந்தார்கள். டெர்மனே தம் 'மேதை'களுக்குப் பரிந்துரைக் கடிதங்கள் எழுதி உதவினார் என்பதும் வரலாறு. சல்லடையிலே நின்றவர் கதை இது, கீழே விழுந்தவரோ? அப்போது சோதிக்கப்பட்டுத் தேறாமற்போன சிறுவன் வில்லியம் ஷாக்லி, 1956-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். தேர்ந்தெடுக்கப்பட்ட மேதைகளுள் ஒருவரும் அப்பரிசைப் பெறவில்லை! மெக்சிக, கறுப்பினப் பிள்ளைகளின் மந்தம் அவர்தம் இனத்தோடு பிறந்தது, அவர்களைத் தனி வகுப்பிலே அடைத்திட வேண்டும் என்று 1916-ஆம் ஆண்டு நூலிலே எழுதியவரும் இதே டெர்மன்தான். ஆராய்ச்சிப் பிழை ஏட்டோடு நிற்பதில்லை. அது வகுப்பறைக் கதவைச் சாத்துகிறது.

"ஆயிரத்து ஐந்நூறு பேரைப் பார்த்தாரே, போதாதா?" என்று எவரேனும் கேட்கக்கூடும். எண்ணிக்கையின் பெருமை இந்த நோயைத் தீர்க்காது என்பதற்கு அமெரிக்க அரசியலிலேயே ஒரு பாடம் உண்டு. 1936-இல் அங்கே குடியரசுத் தலைவர் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் என்னும் வார ஏடு, ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சல் அனுப்பியது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விடை எழுதினர். லேண்டன் வெல்வார் என்றது ஏடு. நடந்தது என்ன? 48 மாநிலங்களுள் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார்! அஞ்சல் அனுப்பிய முகவரிகளிலே பெரும்பகுதி தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டது. பஞ்ச காலத்திலே தொலைபேசியும் மோட்டாரும் வைத்திருந்தவர் யார்? அவர்களிலும் மெனக்கெட்டு விடை எழுதியவர் யார்? பத்துப் பருக்கை எடுத்தாலும், பத்து இலட்சம் பருக்கை எடுத்தாலும், எடுத்தது ஒரே பானையிலிருந்து என்றால், அடுத்த பானையின் செய்தி அதிலே இல்லை.

இருட்டு முழு இருட்டன்று. பள்ளிச் சுவருக்கு வெளியே விளக்கேந்திச் சென்றவர்களும் உண்டு. சமூகவியல் அறிஞர் ஆகஸ்ட் ஹாலிங்ஸ்ஹெட், 1941-42-இல் இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றார். ஊரின் பெயரை மறைத்து 'எல்ம்டவுன்' என்று புனைபெயர் இட்டார். பள்ளியிலே இருந்தவரை மட்டும் எண்ணி நிறுத்திவிடவில்லை. பள்ளியைவிட்டு நீங்கியவரையும் வீடு வீடாகத் தேடினார். 735 இளைஞர். குடும்பங்களை ஐந்து அடுக்குகளாகப் பகுத்துப் பார்த்தார். கண்டது என்ன? மேலடுக்குப் பிள்ளைகள் பள்ளியிலே இருந்தனர். அடித்தட்டுப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் வெளியே இருந்தனர். நட்பு, விளையாட்டு, மன்றம், மதிப்பெண் எல்லாவற்றிலும் தந்தையின் நிலை நிழலாகத் தொடர்ந்தது. ஒரே குற்றத்துக்கு ஒருவனுக்குக் கண்டனம் மென்மையாக, மற்றவனுக்குத் தண்டனை கடுமையாக வந்தது. 1949-இல் நூல் வெளிவந்தது. பள்ளிக்குள்ளே மட்டும் ஆராய்ந்திருந்தால், அந்த அடித்தட்டு இளைஞர் இந்த உலகிலே பிறக்கவே இல்லை என்றல்லவா ஏடு கூறியிருக்கும்!

மற்றொருவர் கிளென் எல்டர். 1920-21-இல் பிறந்த ஓக்லண்டு நகரச் சிறுவர் 167 பேரைப் பற்றி, 1932 முதல் பிறர் திரட்டி வைத்திருந்த பழைய குறிப்புகளை எடுத்தார். புதிய வினாவைக் கேட்டார். பெரும் பொருளாதார வீழ்ச்சியிலே வருவாயில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இழந்த குடும்பங்கள் எவை? இழக்காதவை எவை? நடுத்தரக் குடும்பம் எது? உழைப்பாளர் குடும்பம் எது? இப்படிப் பிரித்து நோக்கியதும், 'குமரப்பருவம்' என்ற ஒற்றைச் சொல் உடைந்தது. வறுமை தாக்கிய வீட்டிலே சிறுவன் வேலைக்குப் போனான். சிறுமி வீட்டைத் தாங்கினாள். விரைந்து பெரியவர்கள் ஆனார்கள். அடியைத் தாங்கி எழும் வலிமையிலேயும் நடுத்தரத்தார்க்கும் உழைப்பாளர்க்கும் வேறுபாடு தெரிந்தது. 1974-இல் வெளிவந்த அவர் நூல் புலப்படுத்தியது இது: பருவம் காலத்தையும் வர்க்கத்தையும் கடந்து வானத்திலிருந்து இறங்குவதன்று. அந்த 167 பேரும் வெள்ளையரே என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. நல்ல விளக்கும் எல்லா மூலைகளிலும் ஒளி வீசிவிடுவதில்லை.

இனி, நம் காலத்துக் கதை ஒன்று. மார்ஷ்மெல்லோ என்பது பஞ்சு போன்ற ஒரு மிட்டாய். நான்கு வயதுக் குழந்தையின் முன் ஒன்றை வைத்து, "நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இன்னொன்று தருவேன்" என்று சொல்லிவிட்டுப் போவது சோதனை. வால்ட்டர் மிஷல் என்னும் அறிஞர், 1960-களின் பிற்பகுதியிலே தொடங்கி, இதனைப் பலமுறை நடத்தினார். 1990-இல் வெளிவந்த ஆய்வு, காத்திருந்த குழந்தைகள் குமரப்பருவம் எய்தியபோது கல்லூரி நுழைவுத் தேர்விலே மிகுதியான மதிப்பெண் பெற்றதைக் கூறிற்று. உலகம் முழுதும் மேடைதோறும் ஏறியது அந்த மிட்டாய். "பொறுத்தார் வாழ்வார்; பொறாதார் வீழ்வார்! ஏழை ஏழையாக இருப்பதற்குக் காரணம் தன்னடக்கம் இன்மையே" என்று பேசத் தொடங்கினர்.

சோதனை நடந்த இடம் எது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளி. பேராசிரியர்களும் பட்டதாரிகளும் தம் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம். சோதனையில் கலந்த குழந்தைகள் 600-க்கு மேல். பின்னாளில் தேர்வு மதிப்பெண் கிடைத்தது 94 பேருக்கு. அவர்களிலும், காத்திருத்தலையும் மதிப்பெண்ணையும் இணைத்த அந்தப் புகழ்பெற்ற முடிவு நின்றது 35 பேர் மீது! அளவு சிறிது என்று ஆய்வாளரே எச்சரித்து எழுதியிருந்தனர். மேடைப் பேச்சாளர் செவியில் அது ஏறவில்லை.

2013-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு. 28 குழந்தைகள். பாதிப்பேருக்கு, ஆய்வாளர் முதலில் ஒரு வாக்குறுதி அளித்து, நல்ல வண்ணக்கோல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். மறுபாதிக்கு அதே வாக்குறுதி அளித்து, "மன்னித்துவிடு, இல்லை" என்று வெறுங்கையுடன் திரும்பினார். அதன்பின் மிட்டாய்ச் சோதனை. வாக்குறுதி காக்கப்பட்ட குழந்தைகள் சராசரி 12 நிமிடம் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம்! அந்தப் பிஞ்சுகளிடம் குறை என்ன? ஏமாற்றுபவர் சொல்லை நம்பாதது அறிவின்மையா, அறிவா? "நாளை தருகிறேன்" என்று சொன்ன கூலி நாளை வராத வீட்டிலே, இன்று தட்டில் இருப்பதை இன்றே உண்பது பகுத்தறிவே அன்றோ!

2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளை எடுத்து, கல்லூரிப் பட்டம் பெறாத தாய்மாரின் பிள்ளைகளைத் தனியே நோக்கினர். அவர்கள் 15 வயது எய்தியபோது பார்த்தால், காத்திருத்தலுக்கும் கல்வித் தேர்ச்சிக்கும் இடையே முன்பு சொல்லப்பட்ட தொடர்பு பாதியாகச் சுருங்கியிருந்தது. குடும்ப நிலை, வீட்டுச் சூழல், இளமையிலே பெற்ற அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கிலே கொண்டதும், அந்தப் பாதியிலும் மூன்றில் இரு பங்கு கரைந்துவிட்டது. மிட்டாய் அளந்தது மன அடக்கத்தை என்று எண்ணியிருந்தோம். பெரும்பங்கு அது அளந்தது வீட்டை!

முன்னொரு காலத்தில் 'தலையெழுத்து' என்றனர். அதை நாம் எள்ளி நகையாடினோம். பின்னர் 'பிறவி அறிவு' என்றனர். அதன்பின் 'மன அடக்கம்' என்றனர். சொல் மாறிற்று; சுட்டுவிரல் மாறவில்லை. அது எப்போதும் ஏழைச் சிறுவனின் நெஞ்சையே சுட்டியது. அவன் வீட்டுக் கூரையைச் சுட்டவில்லை. ஆகவேதான் தோழர்காள், மாதிரி எடுப்பதிலே நேரும் பிழையைக் கணக்கியலாரின் சிறு சச்சரவு என்று நாம் தள்ளிவிட முடியாது.

இந்தக் குறை நீங்கிவிட்டதா? 2008-இல் ஜெஃப்ரி ஆர்னெட், அமெரிக்க உளவியல் கழகத்தின் ஆறு முன்னணி ஏடுகளை எடுத்துக் கணக்கிட்டார். 2003 முதல் 2007 வரை அவற்றில் ஆராயப்பட்டோரில் 100-க்கு 96 பேர், உலக மக்கள்தொகையில் 100-க்கு 12 பேர் மட்டுமே வாழும் மேலைத் தொழில்வள நாடுகளைச் சார்ந்தோர்! மூளையைப் படம் பிடிக்கும் கருவி வந்த பின்னரும் கதை மாறவில்லை. 2017-இல் ஒரு குழுவினர், 3 முதல் 18 வயதுடைய 1,162 பேரின் மூளைப் படங்களை எடுத்தனர். வளமான குடும்பத்தினர் அதிலே மிகுந்திருந்தனர். அமெரிக்க மக்களின் உண்மை விகிதத்துக்கு ஏற்ப நிறுத்துக் கணக்கிட்டபோது, மூளைப் பகுதிகள் முதிரும் வயதே முன்தள்ளிப் போயிற்று! எலும்பும் சதையும் போல எல்லோர்க்கும் பொது என்று எண்ணிய வளைகோடுகூட, எவர் படுத்துப் படம் பிடித்துக்கொண்டார் என்பதைப் பொறுத்து வளைந்தது.

ஆராய்ச்சியாளர் அனைவரும் ஏழைக்குப் பகைவர் என்று நான் கூற வரவில்லை. அருகிலே இருப்பவனை அழைப்பது எளிது. பள்ளியிலே அமர்ந்திருப்பவனிடம் தாளைக் கொடுப்பது எளிது. முகவரி மாறாத வீட்டைப் பத்தாண்டு கழித்தும் கண்டுபிடிப்பது எளிது. வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பத்தை எவர் பின்தொடர்வார்? எளிமை செய்த பிழை இது. அதைச் சுட்டிக் காட்டியவரும், திருத்தியவரும் ஆராய்ச்சியாளரே. ஆதலால் அறிவியலை வீசியெறிவது தீர்வாகாது. மேலும் அறிவியலாக்குவதே தீர்வு. சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் எவர்க்கும் சம வாய்ப்பளித்துத் தேர்ந்தெடுத்தல். பள்ளியில் இல்லாதவரின் வீட்டு வாயிலுக்குச் செல்லுதல். குறைந்தோரை நிறுத்து ஈடு செய்தல். எவரை ஆராய்ந்தோம், எவரை விட்டோம் என்பதை மறைக்காமல் எழுதுதல். 2002 முதல், எத்தியோப்பியா, பெரு, வியட்நாம் நாடுகளிலும், இந்தியாவின் ஆந்திர, தெலங்கானப் பகுதிகளிலும், ஏறத்தாழ 12,000 சிறுவரைப் பின்தொடர்ந்து வரும் 'யங் லைவ்ஸ்' ஆய்வு, ஏழ்மை மிகுந்த இடங்களையே முதன்மையாகத் தேர்ந்துகொண்டது. ஆக, முடியும்; மனம் இருந்தால் முடியும்!

என் வகுப்பறைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு, மாணவரின் மனநிலையை அறிவதற்கென்று ஒரு வினாத்தாள் எங்கள் கைக்கு வந்தது. வந்திருந்தவரிடம் கொடுத்து, வாங்கி, கட்டி அனுப்பினேன். மாலையிலே வருகைப் பதிவேட்டை மூடப் போகையில் கண் நின்றது. ஏழு பெயர்களுக்கு எதிரே 'வரவில்லை'. அறுவடைக் காலம் அது. ஒருவன் வயலில், ஒருவன் தேநீர்க்கடையில், ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில். எவருடைய மனநிலையை முதலில் அறிய வேண்டுமோ, அவர்களே அந்தக் கட்டில் இல்லை. மறுவாரம் அவர்களைத் தனித்தனியே அமர்த்திக் கேட்டு, அந்த ஏழு தாள்களையும் பின்னால் அனுப்பிவைத்தேன். பெருஞ்செயல் அன்று. ஆனால், அந்த ஏழு தாள்களும் மற்ற தாள்களைப் போல் இல்லை என்பதை நான் படித்தறிந்தேன்.

எனவே, இளைஞர்காள்! "ஆராய்ச்சி கூறுகிறது" என்று எவரேனும் தொடங்கினால், தலையசைக்குமுன் வினவுங்கள்: யாரை ஆராய்ந்தீர்? எங்கே கண்டீர்? அந்தப் பட்டியலிலே இல்லாதவர் யார்? வேதம் கூறுகிறது என்றபோது கேட்கக் கற்றவர்கள் நாம். வினாத்தாள் கூறுகிறது என்னும்போதும் கேட்போம். ஈர விறகு புகையும் அந்த இரண்டாவது அடுப்பின் அருகே சென்று, அந்தப் பானையின் மூடியையும் திறந்து பார்ப்போம்!